ஸ்டாம்ப், டை, மை: ஒரு பொங்கல் வாழ்த்து அட்டையை முதலிலிருந்து கடைசி வரை செய்வது எப்படி

கையால் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நல்ல அட்டையாகப் பார்த்து வாங்கி, அழகாக மடித்து, மடித்த அட்டையின் மேலேயே நேராக ஸ்டாம்பை வைத்து அழுத்துவார்கள். பாதிப் படம் பதியாது. பதிந்தாலும் விரல் பட்டு மை இழுத்துக்கொள்ளும். அப்புறம் மொத்த அட்டையும் குப்பைக்கூடைக்கு.

அட்டையைத் துண்டு துண்டாகச் செய்து கடைசியில் ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை. கெட்டுப்போக அதிக வாய்ப்புள்ள வேலை முதலில். வெட்டுவது அதற்கு அப்புறம். மடித்த அட்டையைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

உதாரணத்துக்கு ஒரு பொங்கல் அட்டையை எடுத்துக்கொள்வோம். விடியல் நிறத்தில் வானம், அதன்மேல் குறுக்காகச் சாய்ந்த இரண்டு கரும்பு, முன்னால் சற்று எழும்பி நிற்கும் பானை, கீழே தங்க எழுத்தில் வாழ்த்து. பிறந்தநாளோ கல்யாணமோ, படம் மாறும், முறை இதேதான்.

1. அளவுகளை எழுதிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

முதலில் உறையை வாங்குங்கள், அட்டையை அல்ல. சதுரமாக ஓர் அட்டை செய்து முடித்துவிட்டு, அதற்கு உறை தேடிக் கடை கடையாக அலைந்தவர்கள் உண்டு. சி6 உறையின் அளவு 114 × 162 மி.மீ. அதற்குள் 105 × 148 மி.மீ. அட்டை சிரமமில்லாமல் போகும்.

நமக்கு வேண்டிய துண்டுகள் இவை:

அடி அட்டை: 210 × 148 மி.மீ. நடுவில் மடித்தால் 105 × 148.
வானம்: வெள்ளைத் தாள், 99 × 142 மி.மீ.
பானை: ஸ்டாம்பைவிட நான்கு பக்கமும் 2 செ.மீ. பெரிதாக ஒரு வெள்ளைத் துண்டு.
வாழ்த்துப் பட்டை: அடர் அரக்கு நிற அட்டை. வெட்டி முடிக்கும்போது 99 × 22 மி.மீ. இருக்க வேண்டும். இப்போதைக்குக் கையளவுத் துண்டாகவே இருக்கட்டும்.
உள்தாள்: வெள்ளை, 99 × 142 மி.மீ. அடி அட்டை அடர்நிறமாக இருந்தால் எழுத இது வேண்டும்.

வானத்தைச் சுற்றி 3 மி.மீ. விளிம்பு விட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. விளிம்பு 1 மி.மீ. என்றால், ஒட்டும்போது அரை மி.மீ. சாய்ந்தாலும் கண்ணில் குத்தும். 3 மி.மீ. இருந்தால் அந்தச் சாய்வு யாருக்கும் தெரியாது.

2. காகிதம்

அடி அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அதற்குக் குறைந்தால் பானையின் எடையைத் தாங்காமல், நிறுத்திவைத்த இடத்தில் சரியும். சார்ட் பேப்பர் இதற்குப் போதாது.

ஸ்டாம்ப் பதிக்கும் தாள் வழவழப்பாக இருக்க வேண்டும், ஆனால் பளபளப்புப் பூச்சு கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பணத்தை விடுகிறவர்கள்தான் அதிகம். சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போய் "கார்டு செய்ய நல்ல வெள்ளை அட்டை" என்று மட்டும் கேட்டால், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஆர்ட் போர்டை எடுத்துக் கொடுக்கக்கூடும். அது அச்சு இயந்திரத்துக்கு நல்லது. நம்முடைய மை அதில் இறங்காமல் மேலேயே நிற்கும். மணிக்கணக்கில் கழித்துத் தொட்டாலும் கையில் ஒட்டும். "பூச்சு இல்லாத ஐவரி போர்டு" என்று கேளுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு ஓரத்தில் வைத்துப் பாருங்கள். உறிஞ்சினால் வாங்கலாம்.

தண்ணீர் வண்ணம் தீட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள். அதில் சொரசொரப்பு இருப்பதால் நுணுக்கமான ஸ்டாம்ப் விட்டுவிட்டுப் பதியும். வழவழப்பான ரகமாகப் பாருங்கள்.

3. எந்த மைக்கு எந்த வண்ணம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஸ்டாம்ப் அழகாகப் பதிந்து, வண்ணம் தீட்டும்போது கறுப்புக் கோடு கலங்கி ஓடினால், தவறு உங்கள் கையில் இல்லை; மையும் வண்ணமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

டை மை என்பது காகிதத்துக்குள் ஊறிவிடும் மை. (தாளை ஒரு வடிவத்தில் அழுத்தி வெட்டும் உலோக அச்சுக்கும் டை என்றுதான் பெயர்; அது வேறு, பெயர்தான் ஒன்று. குழப்பம் வரக்கூடாது என்பதற்காக இனிமேல் இதை ஊறும் மை என்றே சொல்கிறேன்.) சீக்கிரம் காயும். ஆனால் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் என்பதால், அடர்நிற அட்டையில் பதித்தால் காணாமல் போய்விடும்.

பிக்மென்ட் மை காகிதத்தின் மேலே படிந்து நிற்கும். நிறம் அழுத்தமாக இருக்கும், காய நேரம் எடுக்கும். வெள்ளை, தங்கம் போன்றவை இந்த ரகம்.

இப்போது ஜோடி சேர்ப்போம். ஆல்கஹால் மார்க்கர், அதாவது கோபிக் போன்றவை, கையில் இருந்தால் கோட்டுக்கு மெமென்ட்டோ மாதிரியான ஊறும் மை. ஆல்கஹாலுக்கு அது அசையாது; தண்ணீர் பட்டால் கசியும். தண்ணீர் வண்ணம் என்றால் வெர்சாஃபைன் அல்லது ஆர்க்கைவல். நன்றாகக் காய்ந்தபின் தண்ணீருக்கு அவை நிற்கும். ஆல்கஹால் மார்க்கர் பட்டால் கலங்கும். கலர் பென்சில் என்றால் எந்த மையும் சரிதான். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பென்சிலில் ஆரம்பிப்பதே நல்லது என்பது என் கட்சி. செலவும் குறைவு, கலங்கும் பயமும் இல்லை.

ஆபீஸ் ஸ்டாம்ப் பேடில் உள்ள ஊதா, நீல மை வேண்டவே வேண்டாம். ரசீதுக்கு அது போதும். அட்டையில் கோட்டின் இரு பக்கமும் பூனைமுடிபோலப் பரவும்.

எது எப்படியானாலும், உண்மையான துண்டில் கை வைக்கும் முன் அதே தாளின் ஓரத்தில் ஒருமுறை பதித்து, ஐந்து நிமிடம் விட்டு, வண்ணத்தைத் தேய்த்துப் பாருங்கள்.

4. ஸ்டாம்ப்: படம் வாங்கலாம், தமிழ் எழுத்தைச் செய்யச் சொல்ல வேண்டும்

கடையிலும் இணையத்திலும் கிடைப்பவை இரண்டு வகை. சிவப்பு ரப்பர், மரக்கட்டையிலோ ஸ்பாஞ்சிலோ ஒட்டியிருக்கும். மற்றொன்று கண்ணாடிபோல இருக்கும் போட்டோபாலிமர். அக்ரிலிக் கட்டையில் ஒட்டிப் பயன்படுத்திவிட்டு உரித்து வைத்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி. எங்கே பதியப் போகிறது என்பது ஊடாகத் தெரியும்.

தமிழ் வாழ்த்து ஸ்டாம்ப் கடையில் கிடைப்பது குறைவு. ஊரில் ஆபீஸ் சீல் செய்துகொடுக்கும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் உங்கள் எழுத்தைக் கொடுத்தால் செய்துதருவார்கள். கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை நான்கு.

எழுத்து தடிமனாக இருக்கட்டும், ஆனால் சுழிகள் திறந்திருக்கட்டும். ழ, ண, ஞ இவற்றின் சுழிக்குள் மை அடைத்துக்கொண்டால் "வாழ்த்து" வெறும் புள்ளியாகிவிடும். எழுத்து குறைந்தது 6 மி.மீ. உயரம் இருந்தால் சுழி தப்பிக்கும்.

புள்ளியைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். கணினி எழுத்துருவில் இருக்கும் அளவிலேயே விட்டால் புள்ளி பதியாது. "வாழ்த்துகள்" என்ற சொல்லில் மட்டும் மூன்று புள்ளி. மூன்றும் பதியாவிட்டால் என்ன ஆகும் என்று படித்துப் பாருங்கள்.

உள்ளேயே மை ஊறியிருக்கும் ரகம் வேண்டாம்; சாதாரணக் கைப்பிடி வைத்ததே போதும். மை மாற்ற முடியாவிட்டால் தங்க எழுத்து செய்ய வழியில்லை.

எழுத்தை நீங்களாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கடைக்காரரே திருப்பிக்கொள்வார். இருவரும் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் மேஜை இழுப்பறையில் ஒரு சாட்சி கிடக்கிறது.

அப்புறம், வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டையை ஸ்டாம்ப் செய்யக் கொடுக்கும் முன்பே வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள். ரப்பரில் திருத்தம் போட முடியாது.

5. புது ஸ்டாம்பைப் பழக்குவதும் பதிப்பதும்

புது போட்டோபாலிமர் ஸ்டாம்ப் மையை ஏற்காது. தாமரை இலைத் தண்ணீர்போல மை முத்து முத்தாக நிற்கும். அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பதியும் முகத்தை மெதுவாகத் தேய்த்து, இரண்டு மூன்று முறை பழைய தாளில் பதித்து எடுங்கள். சரியாகிவிடும். ஸ்டாம்பே மட்டம் என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள்.

மை தடவும்போது பேடைக் கையில் எடுத்து ஸ்டாம்பின்மேல் தட்டுங்கள். ஸ்டாம்பைக் கொண்டுபோய்ப் பேடில் அழுத்தினால் பள்ளங்களிலும் ஓரங்களிலும் மை ஏறி, படத்தைச் சுற்றிக் கறை விழும்.

தாளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் ஷீட்டோ நான்கைந்து செய்தித்தாளோ போடுங்கள். மேஜை கடினமாக இருந்தால் கடினமான ஸ்டாம்பின் நடுப்பகுதி பதியாது. ஸ்பாஞ்ச் ஒட்டிய சிவப்பு ரப்பருக்கு இது தேவையில்லை.

நேராக இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி, ஐந்து எண்ணி, நேராகத் தூக்குங்கள். சீல் குத்துவதுபோல முன்னும் பின்னும் ஆட்டுவது நம் ஊரில் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அந்த ஆட்டத்தில்தான் கோடு இரட்டையாகிறது.

வேலை முடிந்ததும் ஆல்கஹால் இல்லாத ஈரத் துணியால் துடைத்து, நிழலில் வையுங்கள். வெயிலில் போட்டோபாலிமர் மஞ்சளாகிக் கெட்டிப்படும். மையின் சாயம் ஸ்டாம்பில் தங்கியிருந்தால் கவலை வேண்டாம்; அது அடுத்த படத்தில் இறங்காது.

6. வானம்

டிஸ்ட்ரெஸ் போன்ற தண்ணீரில் இளகும் மை, அதைத் தாளில் பரப்ப ஒரு மென்மையான பிளெண்டிங் பிரஷ். மஞ்சள், ஆரஞ்சு இரண்டு நிறம் போதும்.

பிரஷ்ஷில் மை எடுத்ததும் நேராகத் தாளில் வைக்காதீர்கள். முதல் தொடுகையில் அடர்த்தியாக ஒரு வட்டம் விழும், அதை அப்புறம் அழிக்க முடியாது. தாளுக்கு வெளியே, அடியில் போட்டிருக்கும் விரிப்பின் மேல் சுழற்ற ஆரம்பித்து, சுழற்றியபடியே தாளுக்குள் வாருங்கள். அழுத்தம் வேண்டாம், சுற்று அதிகமாகட்டும்.

மஞ்சள் முதலில், தாள் முழுவதும். ஆரஞ்சு மேல் மூன்றில் ஒரு பங்கில் மட்டும். வெளிர் நிறம் முதலில் போனால்தான் இரண்டும் சேரும் இடம் தெரியாது. அடர்நிறத்தில் ஆரம்பித்தால் பிரஷ் அதை இழுத்துக்கொண்டு மஞ்சளை அழுக்காக்கும்.

கரும்பு வரப்போகும் இடத்தில் ஆரஞ்சு இறங்க வேண்டாம். பச்சை மை ஊடுருவித் தெரிவது. மஞ்சள்மேல் பச்சையாகவே நிற்கும். ஆரஞ்சுமேல் பழுப்பாகிக் காய்ந்த கரும்பாகிவிடும்.

இனி காயவிடுங்கள். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் அரை மணி நேரமாவது ஆகும். ஈரத்தின்மேல் ஸ்டாம்ப் பதித்தால் கோடு பரவும். நான் வானத்தை முந்தின நாள் இரவே செய்து, கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிடுவேன். தாளும் வளையாமல் இருக்கும்.

7. கரும்பு: முன்னால் இருப்பதுதான் முதலில்

இரண்டு கரும்பு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் உள்ள கரும்பை முதலில் பதித்து, அதன்மேல் முன்கரும்பைப் பதிப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் வழி. கோலத்திலும் ஓவியத்திலும் அது சரி. ஊறும் மையில் அது நடக்காது. இரண்டும் சேரும் இடம் ஒரே கறையாகிவிடும்.

முன்கரும்பை முதலில் பதியுங்கள். அதே ஸ்டாம்பை, ஒட்டி எடுக்கும் குறிப்புத்தாளிலும் (ஸ்டிக்கி நோட்) ஒருமுறை பதியுங்கள். பசை இருக்கும் ஓரமாகப் பார்த்துப் பதிக்க வேண்டும். அந்தப் படத்தைக் கத்தரித்து எடுங்கள். இதுதான் மறைப்பு. கத்தரிக்கும்போது கோட்டுக்கு மயிரிழை உள்ளேயே வெட்டுங்கள். வெளியே வெட்டினால் இரண்டு கரும்புக்கும் நடுவில் வெற்றுச் சந்து விழும்.

முன்கரும்பு காய்ந்ததும் மறைப்பை அதன்மேல் ஒட்டி, இரண்டாவது கரும்பை அதற்குக் குறுக்கே பதியுங்கள். மறைப்பை எடுத்தால், பின்கரும்பு முன்கரும்புக்குப் பின்னால் நிற்கும்.

கரும்பு ஸ்டாம்ப் நீளமானது. அக்ரிலிக் கட்டை அதைவிட நீளமாக இருக்க வேண்டும். கட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் தோகை பதியாது.

8. பானை: பதி, தீட்டு, அப்புறம் வெட்டு

டையில் பானையை வெட்டி எடுத்துவிட்டு அந்தச் சின்னத் துண்டில் ஸ்டாம்ப் பதிக்கப் பார்ப்பவர்கள் நிறைய. மூன்று முறைக்கு ஒரு முறைதான் நடுவில் விழும். பெரிய துண்டில் பதித்து, வண்ணமும் தீட்டி, நன்றாக வந்ததை மட்டும் வெட்டினால் வெட்டும் வேலை வீணாகாது. தீட்டும்போது பிடித்துக்கொள்ளவும் இடம் இருக்கும்.

ஆல்கஹால் மார்க்கர் என்றால் அடியில் ஒரு பழைய தாள் போடுங்கள், மறுபக்கம் இறங்கும். வெளிர் நிறத்தில் ஆரம்பித்து, ஈரம் இருக்கும்போதே நடுநிறத்தைச் சேர்த்து, மீண்டும் வெளிர் நிறத்தால் சேரும் இடத்தைத் தடவுங்கள். பானையின் ஒரு பக்கம் மட்டும் நிழல். இரண்டு பக்கமும் நிழல் போட்டால் உருண்டு தெரியாது.

வெட்டுவதற்கு வருவோம். டையையும் தாளையும் இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து, கைப்பிடியைச் சுற்றி உருளைக்குள் ஓட்டும் இயந்திரத்தில்தான் டை வெட்டும். மெல்லிய டையில் ஒரு முகம் சமமாக இருக்கும், மறுமுகத்தில் வரப்புபோல ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கும். அந்த விளிம்புதான் கத்தி. அது தாளைப் பார்க்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். தலைகீழாக வைத்து, இயந்திரம் கெட்டுவிட்டது என்று பதறியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பானைப் படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு சமமாக இருக்கும்படி டையை வைத்து, கையால் எளிதில் உரியும் வாஷி டேப்பால் இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் உருளைக்குள் போகும்போது நகரும். செல்லோ டேப் ஒட்டினால் எடுக்கும்போது வண்ணத்தோடு உரிந்து வரும்.

கீழே ஒரு தகடு, அதன்மேல் தாள், அதன்மேல் கத்தி கீழ்நோக்கிய டை, மேலே ஒரு தகடு. இந்த அடுக்கின் மொத்த உயரம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். உங்கள் இயந்திரத்தோடு வந்த தாளில் உள்ளபடி செய்யுங்கள். டையை உருளைக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். நீளமான விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளையில் மாட்டினால் கைப்பிடி இறுகும்.

தகடு கடகடவென்று சத்தம் போடும். பயப்பட வேண்டாம். கைப்பிடி திரும்பவே மாட்டேன் என்றால் மட்டும் நிறுத்துங்கள், முரட்டுத்தனம் காட்டாதீர்கள். அடுக்கில் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஓரிடத்தில் வெட்டாமல் நின்றால், டையை எடுக்காமல் தகட்டுக்கு அடியில் ஒரு சாதாரணத் தாளைக் கூடுதலாக வைத்து மறுபடி ஓட்டுங்கள்.

தகட்டை ஒவ்வொரு தடவையும் புரட்டிப் போடுங்கள். ஒரே பக்கத்தில் ஓட்டினால் அப்பளம்போல வளைந்துவிடும்.

டை இயந்திரம் விலை அதிகம். பத்து அட்டை செய்து பார்க்காமல் வாங்க வேண்டாம். சின்னக் கத்தரிக்கோலால் பானையை வெட்டுவது பெரிய வேலையில்லை. கத்தரியை ஆட்டாமல் ஒரே இடத்தில் வைத்து, தாளைத் திருப்புங்கள். வளைவு பிசிறில்லாமல் வரும்.

தமிழ் எழுத்தையே டையில் வெட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: புள்ளி தனியாக விழும், சுழியின் நடுப்பகுதியும் தனியாக விழும். ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்து ஒட்ட வேண்டும். ஓர் அட்டைக்குச் சரி, ஐம்பது அட்டைக்கு வேண்டாம்.

9. தங்க எழுத்து

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். இதை மறந்து எம்போசிங் பவுடர் (சூட்டில் உருகி எழுத்தை மேடாக்கும் தூள்) டப்பாவைத் திறந்தவர்கள் வீட்டில் தீபாவளி வரை தங்கம் மின்னும்.

அரக்கு அட்டைத் துண்டை ஹீட் கன்னால், அதாவது சூடான காற்றை ஊதும் கருவியால், சில விநாடி சூடாக்குங்கள். ஈரக் காற்றில் காகிதம் ஈரத்தை இழுத்துவைத்திருக்கும். அதில் பவுடர் கண்ட இடத்திலும் ஒட்டும். ஆறியதும் முகத்துக்குப் போடும் பவுடரைப் பருத்தித் துணியில் முடிச்சாகக் கட்டி, அட்டையின் மேல் லேசாக ஒற்றி எடுங்கள். கடையில் இதற்கென்று விற்கும் பையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

வெர்சாமார்க் போன்ற நிறமில்லாத ஒட்டும் மையில் வாழ்த்தைப் பதியுங்கள். தங்கப் பவுடரைத் தாராளமாகக் கொட்டி, சாய்த்து, பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டி, மீதியை டப்பாவிலேயே சேருங்கள். எழுத்துக்கு வெளியே ஒட்டிய துகளை இப்போதே காய்ந்த பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். உருகியபின் அதை எடுக்க முடியாது. தமிழ் எழுத்துக்கு நுண்துகள் பவுடராகக் கேட்டு வாங்குங்கள். பெரிய துகள் சுழியை மூடிவிடும்.

ஹீட் கன்னை அட்டையிலிருந்து விலக்கிப் பிடித்துப் பத்து விநாடி ஓடவிட்டு, சூடேறிய பின் அருகில் கொண்டு வாருங்கள். ஆரம்பத்தில் வருவது வெறும் காற்று. அது பவுடரை ஊதிவிடும். தலைமுடி உலர்த்தும் டிரையர் பவுடரைப் பறக்கத்தான் விடும், உருக்காது. பெயின்ட் உரிக்கும் பெரிய ஹீட் கன் அட்டையைக் கருக்கிவிடும். கைவினைக்கென்று விற்கும் சிறியதே வேண்டும்.

மணல்போல இருப்பது பளபளவென்று மாறும். மாறிய நொடியில் அடுத்த எழுத்துக்கு நகருங்கள். அதற்குமேல் சூடு காட்டினால் தங்கம் காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறைபோல ஆகும்.

ஆறியபின் பட்டையை 99 × 22 மி.மீ. அளவுக்கு வெட்டுங்கள். முன்பே வெட்டியிருந்தால் சூட்டில் சுருண்டிருக்கும், விரலும் சுட்டிருக்கும். அதனால்தான் கையளவுத் துண்டில் ஆரம்பித்தோம். துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

10. மடிப்பு

காகிதத்தில் இழை ஓடும் திசை ஒன்று உண்டு. அட்டையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் போக்கிலேயே மடிப்புக்கோடு வர வேண்டும். எதிர்த்து மடித்தால் முதுகு வெடித்து உள்ளே உள்ள வெள்ளை தெரியும். இழை நீளவாக்கில் ஓடும் ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக்கி, 210 மி.மீ. பக்கத்தை 105-இல் மடித்தால் தானாகவே சரியாக அமைந்துவிடும்.

ஸ்டீல் ஸ்கேல் வைத்து, போன் ஃபோல்டரால் (மடிப்புக்கோடு அழுத்தும் மழுங்கிய கருவி) 105 மி.மீ. இடத்தில் கோடு அழுத்துங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் போதும். கத்தியால் கீறாதீர்கள்.

கோடு அழுத்திய பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். மேடு அட்டையின் உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். பள்ளத்துக்குள் மடிப்பதுதான் இயல்பாகத் தோன்றும், ஆனால் அப்போதுதான் முதுகு இழுபட்டு வெடிக்கும்.

11. எழுதிவிட்டு ஒட்டுங்கள்

உள்தாளில் எழுத வேண்டியதை ஒட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். முன்பக்கம் பானை மேடாக நிற்கும்போது உள்ளே எழுதினால் பேனா குதிக்கும். எழுத்துப்பிழை வந்தால் முழு அட்டையும் போச்சு. தனித்தாளாக இருந்தால் வேறு தாள் எடுத்துக்கொள்ளலாம்.

வானத்தை அடி அட்டையில் ஒட்ட இருபக்க டேப் அல்லது மிகக் கொஞ்சமாகத் திரவப் பசை. ஃபெவிகாலைப் பெரிதாகப் பூசினால் தண்ணீர்ப்பசை என்பதால் தாள் அலை அலையாகும். திரவப் பசையில் ஒரு லாபம், சில விநாடி நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். டேப் வைத்தது வைத்ததுதான். கை நிதானம் வரும்வரை நான்கு மூலையிலும் டேப், நடுவில் ஒரு சொட்டுப் பசை என்று கலந்து பயன்படுத்தாதீர்கள், டேப் முந்திக்கொள்ளும்.

அடுத்து தங்கப் பட்டை. கடைசியாகப் பானை: பின்னால் 2 மி.மீ. ஃபோம் டேப். பானையின் நடுவில் மட்டும் ஒட்டினால் உறைக்குள் அழுந்தும்போது விளிம்பு மடங்கும். விளிம்பை ஒட்டி உள்ளே சுற்றிலும் துண்டு துண்டாக ஒட்டுங்கள்.

கரும்பில் கறை, விரல் ரேகை எதாவது விழுந்திருந்தால் பானையை அதன்மேல் நகர்த்தி வையுங்கள். பானை எங்கே உட்கார வேண்டும் என்பதைக் கடைசி வரை முடிவு செய்யாமல் வைத்திருப்பதன் லாபம் இதுதான்.

12. இருபது அட்டை வேண்டுமென்றால்

ஓர் அட்டையை முழுதாக முடித்து அடுத்ததைத் தொடாதீர்கள். இருபது வானம் ஒரு நாள், கரும்பும் பானையும் இன்னொரு நாள், தங்க எழுத்து எல்லாம் ஒரே உட்காரலில். ஒவ்வொரு மையும் காய நேரம் கிடைக்கும், மின்விசிறியையும் ஒருமுறைதான் நிறுத்த வேண்டும்.

ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு கூடுதலாகச் செய்யுங்கள். இருபத்திரண்டு வானத்தில் இருபதுதான் தேறும். மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தால் அவசரமில்லாமல் முடியும்.

13. உறை

செய்த அட்டையைப் பசை காய ஒரு மணி நேரமாவது விட்டு உறையில் இடுங்கள். எம்போசிங் எழுத்தின்மேல் ஒரு மெல்லிய தாள் வைத்தால் உரசாது. பானை, உறையின் முகவரிப் பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கம் பார்க்கட்டும். தபால் முத்திரை ஓங்கி விழுவது முன்பக்கத்தில்தான்.

எல்லாம் சேர்ந்து 4 மி.மீ. அளவுக்குத் தடிமன் வரும். தபால் நிலையக் கவுன்டரில் கொடுத்து எடை போட்டு அனுப்புங்கள். பெட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள். லண்டனில் இருந்துகொண்டு அங்கேயே உறவுகளுக்கு அனுப்புகிறவர்கள் ஸ்கேலால் அளந்துகொள்ள வேண்டும். ராயல் மெயிலில் சாதாரணக் கடிதக் கட்டணம் 5 மி.மீ. தடிமன் வரைதான். பானைக்குப் பின்னால் ஃபோம் டேப்பை இரண்டடுக்காக ஒட்டியிருந்தால் ஓர் அடுக்கை உரித்துவிடுங்கள்.